தப்பு என்ற சொல் உள்ளே போகாத நாட்கள்

பிசியோதெரபி அறைக்கு வெளியே நீல நாற்காலிகள் போட்டிருப்பார்கள். அங்கே காத்திருந்த நாட்களில் பக்கத்தில் இருப்பவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கை கால் நல்லாத்தானே இருக்கு, உங்களுக்கு என்ன என்று கேட்பார்கள். ஸ்ட்ரோக் என்பேன். சரியாகிவிட்டதே, கடவுள் காப்பாற்றிவிட்டார் என்பார்கள். நானும் தலையாட்டுவேன். எது சரியாகவில்லை என்பதை அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி இரண்டு வாக்கியத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என்னைப்போல ஒருவர் இன்னொரு வீட்டில், எத்தனை தடவை சொன்னாலும் ஏறாத மண்டை என்று பேச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

என் பெயர் அருள்மேரி. வயது நாற்பத்தேழு. பழங்காநத்தத்தில் வீடு. கணவர் சேவியர் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். ஒரே மகள் ஷெரின், அப்போது ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நான் பதினொரு வருடமாக ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கில் இருப்பார். அவருக்கு இடதுபக்கம் நான். என் காலடியிலும் ஒரு கிளச், ஒரு பிரேக். அவர் தடுமாறினால் நான் மிதிப்பேன்.

கண்டிப்பான ஆள் என்று எனக்குப் பெயர் உண்டு. ஆனால் நான் அதிகம் கத்தமாட்டேன். தப்பு நடந்தால் என் முகமே காட்டிவிடுமாம். நன்றாக ஓட்டிவிட்டால் ஸ்டியரிங்கில் இரண்டு தட்டு தட்டுவேன். அந்த இரண்டு தட்டுக்காக வகுப்புக்கு வருகிறேன் என்று ஒரு வங்கி மேலாளர் அம்மா சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் பூசை முடிந்ததும் கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்துக்குப் போனோம். ஓட்டியது செல்வராணி. செல்லூரில் வீட்டோடு நான்கு விசைத்தறி வைத்திருக்கிறாள். நாற்பது வயது. நூல் எடுக்கவும் துணி கொண்டுபோய்ப் போடவும் இனிமேல் யாரையும் கெஞ்சக் கூடாது என்று கார் பழக வந்தவள். அன்றைக்கு அவளுக்கு ஒன்பதாவது வகுப்பு. ரோட்டில் இன்னும் ஏறியதில்லை.

ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் என் சொல் எனக்கே வேறு மாதிரிக் கேட்டது. வலது கையைத் தூக்கிக் கண்ணாடியைக் காட்டப் போனேன். கை மடியிலேயே கிடந்தது.

"என்னக்கா, என்னமோ பேசுறீக? வாய் ஒரு பக்கமா போகுதே" என்றாள் செல்வராணி.

அவள் 108-க்குப் போன் செய்தாள். எந்த இடம் என்று கேட்டதற்கு அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அது பெயர்ப்பலகை இல்லாத பொட்டல். ஞாயிறு என்பதால் கம்பெனிகளும் பூட்டிக் கிடந்தன. என் கையில் போனைக் கொடுத்தாள். நான் பேசியதில் ஒரு சொல்லும் உருப்படியாக வெளியே வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். பிறகு கட் செய்துவிட்டு முதல் கியரைப் போட்டாள்.

அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரைப் பற்றி எனக்குத் துண்டுதுண்டாகத்தான் நினைவு. லாரிகளுக்கு நடுவே அவள் ஹைவேயில் ஏறியது, திருநகரில் வண்டி அணைந்துபோனது, பின்னால் ஹாரன் அடித்தவர்களிடம் ஜன்னல் வழியாகக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி சாவியைத் திருப்பியது. என் காலடியில் பிரேக் இருந்தது. அதை மிதிக்க வேண்டிய கால் என்னுடையதாக இல்லை. அது அவளுக்கும் தெரியும். பசுமலை தாண்டும்போது, தனக்குத் தானே சொல்வதுபோல, "மெதுவா விடு, மெதுவா விடு" என்று அவள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. கிளச்சைப் பற்றி நான் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் அவை. பைபாஸ் ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் வாசல் படியை முட்டிக்கொண்டு வண்டி நின்றது.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் போகும் ஒரு சின்ன ரத்தக்குழாயில் அடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது, அதை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், நீங்கள் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று சேவியரிடம் டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊசி போட்டார்கள். சாயங்காலமே விரல்கள் அசைந்தன. மூன்றாம் நாள் டம்ளரைப் பிடித்தேன். ஐந்தாம் நாள் வராண்டாவில் நடந்தேன். பங்குச் சாமியார் வந்து ஜெபித்தார். பள்ளிக்கூட ஆட்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து குவித்தார்கள். ஷெரின் பரீட்சைப் புத்தகத்தோடு கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படித்தாள். தப்பித்தோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் விஷயம். ஆனால் அது விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

முதலில் கண்டுபிடித்தது ஸ்டெல்லா என்ற நர்ஸ். கட்டில் ஓரத்தில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றை அழுத்தினால் நர்ஸ் வருவார், இன்னொன்றை அழுத்தினால் கட்டிலின் தலைப்பக்கம் உயரும். நர்ஸைக் கூப்பிட நினைத்து ஒவ்வொரு தடவையும் கட்டிலைத்தான் உயர்த்தினேன். பச்சைப் பொத்தான் அம்மா என்று அவர் பத்து முறை சொன்னார். கேட்டால் நானே சொல்லுவேன், பச்சை என்று. விரல் மட்டும் மற்றதற்குப் போகும். கட்டில் உயரும். அடடா என்று இருக்க வேண்டும் அல்லவா, அது இருக்காது. கைப் பயிற்சியில் நான் கட்டைகளைச் சரியாக அடுக்கினால் எல்லோரும் கைதட்டினார்கள். மழை பெய்கிறது என்று யாரோ சொல்வதுபோல அது கேட்டது.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். புது மாத்திரைப் பெட்டியில் காலை, மதியம், இரவு என்று மூன்று அறைகள். தினமும் இரவு மாத்திரையைக் காலையில் எடுத்தேன். சேவியர் பொறுமையானவர். ஆனால் நான்காவது நாள் அவருக்கும் குரல் உயர்ந்தது. இப்போதுதானே தப்பு என்று சொன்னேன், அதையே ஏன் செய்கிறாய் என்றார். அவர் கோபப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. அடுத்த தெருவில் நடக்கும் சண்டையைப் போலப் புரிந்தது.

ஸ்டெல்லா நர்ஸ் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்துவிட்டு, மறுபரிசோதனைக்குப் போனபோது எங்களைக் கவிதா என்ற உளவியல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். சிறிய அறை, ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். திரையில் இரண்டு கோலம் போன்ற படங்கள் வரும். ஒன்றை நான் தொட வேண்டும். சரி அல்லது தவறு என்று எழுத்து வரும். எது சரி என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், பதிலைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த சேவியருக்குப் பத்துப் பன்னிரண்டு தடவையில் பிடிபட்டுவிட்டது. நான் எண்பது தடவை தொட்டேன். பாதி சரி, பாதி தவறு. முடியும்போதும் தொடங்கிய இடத்தில்தான் இருந்தேன்.

அடுத்து அவர் வேறு விதமாகச் செய்தார். சரியான படத்தை முதலிலேயே காட்டி, இதுதான் என்று சொல்லிவிட்டு, பிறகு கேட்டார். ஒன்றுகூடத் தவறவில்லை. சேவியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இது எப்படி டாக்டர் என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மூளையின் அடியாழத்தில், இரண்டு பக்கமும், பேசல் கேங்க்ளியா என்று ஒரு கூட்டம் முடிச்சுகள் இருக்கின்றன. நாம் எதைச் செய்தாலும், அது எப்படி முடியும் என்று மூளை முன்கூட்டியே ஒரு எதிர்பார்ப்பு வைத்திருக்கும். முடிவு அதைவிட நல்லதாக வந்தால் டோபமைன் என்ற சுரப்பு அந்த முடிச்சுகளில் சட்டென்று ஏறும். மோசமாக வந்தால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் அடுத்த தடவை எதைச் செய்வது, எதை விடுவது என்று உடம்பு பழகுகிறது. எனக்கு அடைப்பு வந்து செத்துப்போன இடம் அங்கே இருக்கிறது, இடதுபக்கம், ஒரு நெல்லிக்காய் அளவுகூட இருக்காது. வலதுபக்கத்திலும் ஒரு பழைய சிறு தழும்பு தெரிந்தது. அது எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது, பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடாத வருடங்களில் வந்திருக்கலாம். சரி தவறு என்ற செய்தி காது வழியாக வருகிறது, அர்த்தமும் புரிகிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் வாங்கிக்கொள்ள ஆள் குறைவு.

பாதிக் கிளச் மாதிரியா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன்: கிளச்சை எவ்வளவு விட்டால் வண்டி நகரும் என்பதை வாயால் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது. வண்டி குலுங்கும், அணையும், முகம் சிவக்கும். மறுபடி விட்டுப் பார்ப்பார்கள். திடீரென்று ஒருநாள் காலுக்குத் தெரிந்துவிடும். பிறகு மறக்காது.

"அதேதாம்மா" என்றார் கவிதா டாக்டர். "அந்தக் குலுக்கல் இப்ப உங்களுக்குச் சரியா வந்து சேரல."

பழையது ஒன்றும் போகவில்லை என்றார். காப்பி போடுவது, தையல் மெஷின், ஜெபங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். புதிதாகப் பழகுவதும், அந்தந்த நிமிடத்தில் தவறை உணர்ந்து திருத்திக்கொள்வதும்தான் சிரமம். மகிழ்ச்சியும் பயமும்கூடக் கொஞ்ச காலம் மங்கலாக இருக்கலாம், அவை வேறு இடங்களில் உண்டானாலும் அவற்றைச் செயலோடு முடிச்சுப் போடுகிற வேலை இங்கேதான் நடக்கிறது என்றார். எவ்வளவு திரும்பும் என்று கேட்டதற்கு, கொஞ்சம் திரும்பும், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார். காரைத் தொடக் கூடாது என்று எழுதியே கொடுத்தார். சேவியரிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: தப்புச் செய்தபிறகு தப்பு என்று சொல்லாதீர்கள், செய்வதற்கு முன்னால் சரியானதைக் காட்டுங்கள்.

அன்றிலிருந்து சேவியர் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் என் பக்கத்தில் உட்காருவார். என் கையின் மேல் தன் கையை வைத்து, காலை அறையைத் திறந்து, மாத்திரையை எடுக்கவைப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். இருபது நாளில் என் கை அதைத் தானாகச் செய்தது. அவர் அதற்குப் பிறகும் சில நாள் வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் தப்பு என்ற சொல்லே நின்றுபோனது. வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது.

மே மாதம் ஷெரினுக்கு ரிசல்ட் வந்தது. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்து, கணக்கில் தொண்ணூற்றாறு என்றாள். கணக்கு அவளுக்கு வராத பாடம். இரண்டு வருடம் நான்தான் அதற்காகத் திட்டியிருக்கிறேன். நான் நிமிர்ந்து பார்த்து, சரி, சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

அவள் அங்கேயே நின்றாள். இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். பிறகு போனை அணைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு வலித்தது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே வெண்டைக்காயை நறுக்கி முடித்தேன். சாயங்காலம் சேவியர் வந்து, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா மேரி என்று மெதுவாகக் கேட்டார். அவள் அறைக்குப் போய், ரொம்ப நல்லா எழுதியிருக்க என்று சொன்னேன்.

"பரவால்லம்மா. அப்பா சொல்லித்தானே வந்த?" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அப்பாவைப் போல அவளும் என்னிடம் ஜாக்கிரதையாக இருக்கப் பழகிவிட்டாள்.

அடுத்து நான் செய்தது தவறு. அதை மறைக்காமல் எழுத வேண்டும்.

ஜூலையில் செல்வராணி போன் செய்தாள். நான் படுத்ததிலிருந்து அவள் வேறு யாரிடமும் பழகப் போகவில்லை. கணவர் ஒரு பழைய காரை வாங்கி நிறுத்திவிட்டார், லைசென்ஸ் டெஸ்டுக்கு இன்னும் பத்து நாள்தான், ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்காருங்கள் அக்கா என்றாள். நான் ஓட்டப் போவதில்லையே, உட்காரத்தானே போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பக்கமும் பிரேக் உள்ள டிரைவிங் ஸ்கூல் வண்டியை ஆள் வைத்துக் கொண்டுவரச் சொன்னேன். சேவியரிடம் செல்வராணி வீட்டுக்குப் போய்வருகிறேன் என்றேன். பொய் சொல்லும்போது நெஞ்சு ஒரு முறை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

ரிங் ரோடு ஓரத்துச் சர்வீஸ் சாலை. சாயங்காலம் ஐந்து மணி. நன்றாகத்தான் ஓட்டினாள். பஞ்சர் கடை ஒன்றைத் தாண்டும்போது அவள் வலது கண்ணாடியில் ஒரு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடதுபக்கச் சந்திலிருந்து குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று, தண்ணீர் கேன்களை ஏற்றிக்கொண்டு, ரிவர்ஸில் வந்தது. அதன் பின்பக்கப் பலகையில் ஒருவர் கால் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் பார்த்தேன். இடிக்கப் போகிறது என்று தெரிந்தது. என் வலது கால் பிரேக்கின் மேல்தான் இருந்தது. காலில் பலமும் இருந்தது. மிதிக்கவில்லை. பதினொரு வருடத்தில் நூற்றுக்கணக்கான தடவை யோசிக்காமல் மிதித்த கால் அது. அந்த மனிதர் காலைத் தூக்கிக்கொண்டு கத்தியபிறகுதான் செல்வராணி திரும்பினாள். அவளே மிதித்தாள். வண்டி அணைந்து நின்றது. அவருடைய முட்டிக்கும் எங்கள் பானெட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

குட்டியானை ஓட்டுநர் இறங்கிவந்து ஏசினார். செல்வராணி ஜன்னலை இறக்கி மன்னிப்புக் கேட்டாள். நான், சரி, நியூட்ரல் பண்ணி ஸ்டார்ட் பண்ணு என்றேன். முதல் நாள் பாடம் சொல்வதுபோன்ற குரலில் சொன்னேன்.

அவள் ஸ்டார்ட் செய்து, நூறு அடி போய், ஓரமாக நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. முன்னாடியெல்லாம் நான் தப்புப் பண்ணா உங்க முகத்தப் பாத்தே தெரிஞ்சுக்குவேன். இன்னைக்கு ஒரு ஆளக் கொல்லப் பாத்தேன். நான் நல்லா ஓட்டுனப்ப எப்படி இருந்தீகளோ அப்படியேதான் இருக்கீக. எனக்குப் பயமா இருக்குக்கா."

என்னை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினாள். ஸ்கூலுக்குப் போன் செய்து வேறு ஆளை வரச் சொல்லி வண்டியை எடுத்துப்போகவைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். இட்லிக்கு ஊறப்போட்டிருந்த அரிசியைக் கிரைண்டரில் போட்டேன். சேவியர் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறரை இருக்கும். மாவைத் தள்ளிவிடக் கையை நீட்டினேன். திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. உள்ளங்கை வேர்த்தது. பலகையில் தொங்கிய அந்தக் கால்கள், ரப்பர் செருப்பு, ஒன்றில் வார் பிய்ந்து கம்பி கட்டியிருந்தது, எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன. நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தேன். மறுபடி ஸ்ட்ரோக் என்று நினைத்து சேவியர் ஓடிவந்து என் வாயைப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

"ஒண்ணுமில்லங்க. பயமா இருக்கு. அம்புட்டுத்தான்."

எதற்குப் பயம் என்று கேட்டார். பொய்யிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்துபோய் அதை நிறுத்திவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றார். திட்டவில்லை. டாக்டர் சொன்னது அவருக்கு அப்போதும் நினைவிருந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஷெரின் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் டாக்டரையெல்லாம் பார்க்கவில்லை. ஐந்து மாதம் அடக்கி வைத்ததை மொத்தமாகக் கொட்டினாள். அந்த ஆளுக்குக் காலு போயிருந்தா என்னம்மா பண்ணிருப்ப, எங்ககிட்ட எதுக்குப் பொய் சொன்ன, உன்னயப் பாத்துக்கிறதுக்கு நாங்க எம்புட்டு பயந்துக்கிட்டு இருக்கோம்னு உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அழுதாள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு வலித்தது. அடிவயிற்றில், ஒரு குறிப்பிட்ட இடத்தில், வலித்தது. கணக்கு மார்க் வந்த அன்றைக்கு அவள் நின்ற நிற்பும் அப்போதுதான் வந்து வலித்தது. அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். மாவுக்கை அவள் சுடிதாரில் பட்டது. இருவரும் அதைத் துடைக்கவில்லை.

மறுநாள் கவிதா டாக்டரிடம் போனோம். நல்ல அடையாளம்தான் என்றார், செய்தி தாமதமாகவாவது வருகிறது, நாளாக நாளாக இடைவெளி குறையலாம், குறையாமலும் இருக்கலாம். இப்போது அக்டோபர். சூடான பாத்திரத்தைத் தொட்டால் கை உடனே வந்துவிடுகிறது, அது எப்போதுமே வந்தது. ஆனால் யாரையாவது புண்படுத்திவிட்டேன் என்பது எனக்குச் சில நாள் பத்து நிமிடத்தில் உறைக்கிறது, சில நாள் மறுநாள் காலையில்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல் முதலாளி பாண்டியன் அண்ணனுக்குப் போன் செய்தேன். முந்தின நாள் நடந்ததைச் செல்வராணி அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நான் வேலைக்குத் திரும்பத்தான் கூப்பிடுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். பெண்கள் எல்லோரும் உங்களைத்தான் கேட்கிறார்கள், சும்மா பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், ஓட்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள், தெம்பாகப் பேசுகிறீர்களே என்றார்.

"தெம்பாத்தான் இருக்கேண்ணே" என்றேன். "ஆனா எனக்குப் பயம் ஒண்ணேகால் மணி நேரம் கழிச்சு வருது. வண்டி அதுவரைக்கும் நிக்காது."

ரிங் ரோட்டில் நடந்ததையும் சொன்னேன். உங்கள் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றார் அவர்.